பெட்டி பேசக் கூடாது

சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லைனில் யார் வீட்டுக் கதவையும் யாரும் மூன்று முறை தட்டமாட்டார்கள். இரண்டு தட்டலாம், நான்கு தட்டலாம், வாசலில் நின்று தொண்டை கிழியக் கூப்பிடலாம். மூன்று மட்டும் ஆகாது. இதை யாரும் சட்டமாகப் போட்டு வைக்கவில்லை. தங்கச் சுரங்கத்தை நம்பிப் பிழைக்கிற ஊர், அதுவாகவே வந்த பழக்கம். ஆளை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜுக்கு, ஷாப்ட் என்னும் குழியின் வாயில் மணி அடிப்பார்கள். ஒன்று என்றால் நில். இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆள் இருக்கிறது, ஜாக்கிரதை. ஆழத்தில் பாறை வெடித்து வழி மூடிக்கொள்வதை நாங்கள் ஏர் பிளாஸ்ட் என்போம். அப்போது உள்ளே மாட்டிக்கொண்டவன் கையில் கிடைத்ததை எடுத்துக் காற்றுக் குழாயில் மூன்று மூன்றாகத் தட்டுவான். ஆள் இருக்கிறேன் என்று அர்த்தம். இந்தப் பக்கம் இருப்பவர்கள் குழாயில் காதை வைத்துக்கொண்டு கேட்பார்கள். அந்தச் சத்தத்தை வீட்டுக் கதவில் கேட்க எங்களில் யாருக்கும் தெம்பு கிடையாது.

அறுபதுகளின் நடுவில் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும், என் கதவு மூன்று முறை தட்டப்பட்டது. நான் மெஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். கால் பெடலிலேயே நின்றுவிட்டது. பிறகு கோபம் வந்தது. எனக்குப் பயம் வந்தால் பின்னாலேயே கோபமும் வரும். கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே போய்க் கதவைத் திறந்தேன்.

வெயிலில் கறுப்புக் கோட்டு போட்ட ஒரு மனிதர் நின்றிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மீசைக்கு மை. கையில் ஒரு கோல்.

“இன்னாய்யா தட்டு இது? ஊருக்குப் புச்சா?” என்றேன்.

“மன்னிக்கணும் அம்மா. கோட்டு தைக்கணும். உள்பை கிழிஞ்சிடுச்சு. மூணு தட்டறது தொழில் பழக்கம், கை தானா தட்டிடுது.”

அவர் ஒரு மேஜிக்காரர். திருச்சிப் பக்கம். போஸ்டரில் புரொபசர் என்று போட்டிருக்கும். நாடகக் கம்பெனிகளோடு ஊர் ஊராகச் சுற்றி, அந்த வருடம் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு ஹாலுக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கியிருந்தார். எல்லோரையும் நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். அவருடைய புறாவைக்கூட “கொஞ்சம் உள்ள போங்க” என்று சொல்லித்தான் கூண்டில் விடுவார். நான் அவரை மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தது பிறகு. எங்கள் லைனின் பெயரைக் கேட்டதும், ஸ்கெலட்டன், எலும்புக்கூடு என்று ஊருக்குப் பெயரா என்று கேட்டுச் சிரித்தார். இந்தப் பெயரைப் போஸ்டரில் போட்டால் தனக்கு வேறு விளம்பரமே வேண்டாம் என்றார்.

கோட்டைப் புரட்டிப் பார்த்தேன். உள்ளே ஏழு பை. ஒரு பையின் வாய் இடுப்புக்குப் பின்னால், கை சும்மா தொங்கினால் விரல் தானாகப் போய் விழும் இடத்தில் இருந்தது. இன்னொன்றின் அடியே திறந்திருந்தது. நான் அந்தப் பைகளைத் தைத்து முடிப்பதற்குள் அவை எதற்கு என்று கண்டுபிடித்துவிட்டேன். கோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது என் விரல்தொப்பியை அந்தப் பைக்குள் விட்டு, வெறும் கையை விரித்துக் காட்டினேன். அவர் கோட்டைப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

“பெட்டிக்குள்ள போறது என் சம்சாரம். இருபது வருஷம் போனா. இப்ப முட்டி மடங்க மாட்டேங்குது, ஊர்ல இருக்கா. நீங்க வர்றீங்களா?”

அப்போது என் வீட்டுக்காரர் செத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அதைச் சொல்லிவிடுகிறேன். ஏர் பிளாஸ்ட் ஆனால் மேலே எங்களுக்கும் தெரியும். தரை ஒரு குலுக்கல் குலுக்கும், அலமாரியில் பாத்திரங்கள் உருளும், பெண்கள் எல்லாம் அடுப்பை அப்படியே விட்டு ஷாப்டைப் பார்த்து ஓடுவோம். அவர் உள்ளே மாட்டிக்கொண்ட அன்றைக்கு நானும் ஓடினேன். மூன்றாவது நாள்தான் அவரைக் கொண்டுவந்தார்கள். முகத்தைப் பார்க்க விடவில்லை. நான் போட்ட சண்டையில், துணியை விலக்கி வலது கையை மட்டும் காட்டினார்கள். விரல் முட்டிகளில் தோலே இல்லை.

அவருடைய கூட்டாளி ஒருவர். சுரங்கத்தில் மரமுட்டுக் கொடுக்கும் டிம்பர்மேன். எனக்கு அண்ணன் முறை வைத்துத்தான் பேசுவேன். அவர் அந்த மூன்று நாளும் கீழேயே இருந்தவர். அவரிடம் கேட்டேன்.

“அண்ணே, அவரு தட்னாரா?”

“இல்லம்மா. ஒரே செகண்டு. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.”

“அப்ப கை?”

“கல்லு பட்டிருக்கும்மா.”

எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில்கள், இதே வரிசையில். அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை. நானும் விடவில்லை. ரேஷன் கடை க்யூவில் கேட்டேன், விகாரையில் பௌர்ணமி வந்தனம் முடிந்ததும் கேட்டேன். பிறகு என்னைத் தூரத்தில் பார்த்தாலே அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டார். அப்பா வீட்டுக்கே திரும்பி வந்து, புத்தர் படத்துக்குக் கீழே மெஷினைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆனால் சத்தம் என்னை விடவில்லை. காலையில் தெருக்குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வந்து குழாயைத் தட்டும், டொக் டொக் டொக் என்று. மற்றவர்கள் குடத்தை வைத்துக்கொண்டு ஊர் வம்பு பேசுவார்கள். நான் எண்ணிக்கொண்டு நிற்பேன். மூன்றில் நின்றால் அன்று முழுக்கச் சோறு இறங்காது.

அவர் தட்டினாரா, இல்லையா. தட்டியிருந்தால் எவ்வளவு நேரம். எனக்கு உலகத்தில் தெரியவேண்டியது அவ்வளவுதான். அதனால்தான் பெட்டி என்று மாஸ்டர் சொன்னதும் சரி என்றேன். அடைபட்ட இடத்தில் ஒரு ஆள் எப்படி இருப்பான் என்று எனக்கு என் உடம்பால் பார்க்கவேண்டியிருந்தது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. தைத்ததற்குக் கூலி வேண்டாம், வித்தையைச் சொல்லிக்கொடுங்கள், வெறுமனே உள்ளே போய் வர நான் மூட்டை இல்லை என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்து ஒப்புக்கொண்டார்.

வித்தை கற்பது நான் நினைத்தது மாதிரி இல்லை. முதல் இரண்டு வாரம் பார்ப்பதற்கே போய்விட்டது. விரல்தொப்பியை வலது கையில் மறைத்துவிட்டு இடது கையைப் பார்க்கவேண்டும். நான் மறைத்த கையையே திருட்டுத்தனமாகப் பார்ப்பேன்.

“அம்மா, உங்க கண்ணு பொய் சொல்லத் தெரியாத கண்ணு. பொருள் அந்தக் கையிலதான் இருக்குன்னு நீங்களே முதல்ல நம்பணும். நீங்க நம்பினா ஜனம் நம்பும்.”

அவர் நல்ல வித்தைக்காரர். சில நாள் வேண்டுமென்றே தப்பாகச் செய்து, நான் கண்டுபிடித்துவிட்டதாகக் குதிக்கும்போது பொருளை என் தலை முடியிலிருந்தே எடுப்பார். அதிகம் திட்டமாட்டார். ஆனால் நான் கையைத் தவறாக வைத்தால் ஒரு பெருமூச்சு விடுவார். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

பெட்டி ஆள் உயரம். கறுப்பு வார்னிஷ், தங்கப் பூ. வெள்ளைச் சேலையில் ஒரு பெண் உள்ளே போவாள், கதவு மூடும். திறந்தால் ஆள் இல்லை. பெட்டியைச் சுழற்றி நாலு பக்கமும் காட்டுவார். மறுபடி மூடி, கோலால் தட்டித் திறந்தால் அதே பெண் சிவப்புச் சேலையில் சிரித்துக்கொண்டு நிற்பாள். ரகசியம் அடியில்தான். பெட்டியின் தரைக்குக் கீழே இன்னொரு தரை, நடுவில் ஒன்றரை முழம் இடம். அதற்குள் முட்டியை மார்போடு சேர்த்துப் படுத்து, மேலே பலகையை இழுத்துக்கொள்ளவேண்டும். சுழற்றும்போது பலகை ஆடாமல் இருக்க உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். சேலை மாற்றுவதற்குக் கொக்கி வைத்து நானே ஒன்று தைத்தேன். ஒரு இழுப்பில் வெள்ளை போய்ச் சிவப்பு வரும். மாஸ்டர் அதைப் பார்த்து, என் சம்சாரத்துக்கு இது தெரியாமப் போச்சே என்றார். லைனில் சில பெண்கள் வேறு மாதிரி சொன்னார்கள். புருசன் போனவள் சிவப்புச் சேலை கட்டி மேடை ஏறுகிறாளாம். ஏறினால் உனக்கு இன்னா, டிக்கெட் வாங்கிட்டு வந்து பாரு என்றேன்.

முதல் தடவை உள்ளே படுத்துப் பலகையை மூடியபோது மாஸ்டர் வெளியிலிருந்து பேசிக்கொண்டே இருந்தார். மூச்சை வெளியே மெதுவா விடுங்க. உள்ள இழுக்கறதைப் பத்தி யோசிக்காதீங்க, அது தானா வரும். எனக்கு அவர் குரல் கேட்டது, ஆனால் என் கை வேறு வேலை பார்த்தது. விரல் மடங்கிப் பலகையில் தட்டியது. மூன்று.

அவர் உடனே திறந்துவிட்டார். அன்றுதான் அவர் முகம் கடுத்து நான் பார்த்தேன்.

“இது மட்டும் கூடாது அம்மா. தும்மல் வந்தா நாக்கைக் கடிச்சுக்கங்க. எறும்பு கடிச்சா கடிக்கட்டும். பெட்டி பேசக் கூடாது. பெட்டி பேசினா தொழில் போச்சு.”

நான் தலையாட்டினேன். பெட்டிதான் அவருக்கு எல்லாம் என்று எனக்குத் தெரியும். பூவும் புறாவும் எல்லா மேஜிக்காரர்களிடமும் உண்டு, ஹால் கொடுப்பவர்கள் பெட்டிக்காகத்தான் கொடுத்தார்கள்.

அன்றே இன்னொன்றும் பேசினோம். நான் வெளியே வர அவர் கோலால் பெட்டியை மூன்று தட்டுவது வழக்கம். இந்த ஊரில் மூன்று வேண்டாம் மாஸ்டர், ஹாலில் பாதிப் பேர் எழுந்து வெளியே போய்விடுவார்கள் என்றேன். மேஜிக்கே மூணுலதான்மா இருக்கு என்று முணுமுணுத்துவிட்டு, சரி, இரண்டு தட்டறேன் என்றார். நானும் சரி என்றேன்.

இரண்டு என்றால் என்ன என்று எங்கள் ஊரில் பால் குடிக்கும் குழந்தைக்குத் தெரியும். சுரங்கத்துக்காரன் மகள், சுரங்கத்துக்காரன் பெண்டாட்டி, நான் சரி என்றேன். அந்த அறிவை என்ன சொல்ல.

ஒத்திகையில் ஒரு தவறும் நடக்கவில்லை. அவருடைய அறையில், பகல் வெளிச்சத்தில், புறா முனகும் சத்தத்தில் இரண்டு தட்டு வெறும் இரண்டு தட்டாகத்தான் இருந்தது.

ஆட்டம் ஒரு சனிக்கிழமை மாலை. ஹால் நிறைந்துவிட்டது. பகல் ஷிப்ட் முடித்தவர்கள் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள், ஆனால் கீழே இருக்கும் எண்ணெயும் ஈரமும் கலந்த அந்த வாசனை எந்த சோப்புக்கும் போகாது. என் வீட்டுக்காரரின் தலையணையில் இருந்த வாசனை அது. திரைக்குப் பின்னால் நின்றபடி எட்டிப் பார்த்தேன். மூன்றாவது பெஞ்சில் டிம்பர்மேன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மேடையில் நான் வருவது தெரியாமல் வந்திருப்பார்.

வெள்ளைச் சேலையில் போனேன். விசில் அடித்தார்கள். கதவு மூடியது. படுத்தேன், பலகையை இழுத்தேன், தாழ்ப்பாள் போட்டேன். மேலே திறந்து ஆள் இல்லை என்று காட்டினார். கைதட்டல். பெட்டி சுழன்று நின்றது. நான் சேலையை உருவி மாற்றினேன், தாழ்ப்பாளை எடுத்தேன். எல்லாம் சரியாகத்தான் போனது. அப்போது வெளியே ஷிப்ட் சங்கு ஊதியது.

தினமும் மூன்று வேளையும் கேட்கிற சங்கு. ஆனால் அதை நான் இருட்டில் படுத்துக்கொண்டு கேட்டதில்லை. முட்டி மார்பில் அழுந்த, மேலே மரம், காதில் சங்கு, மூக்கில் அந்த வாசனை. நான் எங்கே இருக்கிறேன் என்பது எனக்குப் போய்விட்டது. இரண்டு தட்டு விழுந்தது. இறக்கு.

நான் இறங்கினேன். இறங்க இடம் இல்லை, ஆனாலும் உடம்பை இன்னும் கீழே அழுத்தி, பலகையை இறுக இழுத்து, தாழ்ப்பாளை மறுபடி அடித்துப் போட்டேன். அவர் கதவைத் திறப்பதும், பெட்டி காலியாக இருப்பதும், ஜனங்கள் சிரிப்பதும் கேட்டது. அவர் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிச் சமாளித்து மறுபடி மூடினார். மறுபடி இரண்டு. அதற்குள் எனக்கு நினைவு வந்துவிட்டது. தாழ்ப்பாளை இழுத்தேன். வரவில்லை. நானே பெருமையாகத் தைத்த கொக்கிச் சேலை அதில் மாட்டி இறுகிப்போயிருந்தது. இழுக்க இழுக்க இறுகியது. மூச்சை வெளியே விடு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பெட்டி பேசக் கூடாது என்றும் சொல்லிக்கொண்டேன். மூன்றாவது தடவை இரண்டு தட்டு விழுந்தபோது என் கை மடங்கிப் பலகையைத் தட்டிவிட்டது.

மூன்று.

சிரிப்பு நின்றது. அந்த ஹாலில் அத்தனை பேர் இருந்தார்கள், ஒரு குழந்தைகூட முனகவில்லை. நான் மறுபடி தட்டினேன், மூன்று. பெஞ்சுப் பக்கமிருந்து யாரோ செருப்புக் காலால் தரையில் பதிலுக்கு மூன்று தட்டினார்கள். பிறகு பெஞ்சுகள் சாய்கிற சத்தம். ஓடி வருகிற கால்கள்.

“இருங்க, இருங்க, பின்னால ஒரு ஆணி இருக்கு, தள்ளினா திறந்துக்கும்!” மாஸ்டர் கத்தினார். உண்மைதான். ஒரு நிமிடம் விட்டிருந்தால் அவரே திறந்திருப்பார். யாரும் விடவில்லை. அவரைத் தள்ளிவிட்டு, திரை கட்டிய கம்பைப் பிடுங்கி, கையால், காலால், தங்கப் பூவும் கறுப்பு வார்னிஷும் சிதறச் சிதறப் பிளந்தார்கள். மேலே வெளிச்சம் வந்தபோது முதலில் தெரிந்தது டிம்பர்மேன் அண்ணனின் கைகள். நகம் பெயர்ந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. என்னைத் தூக்கி வெளியே வைத்தார். பெட்டியின் ரகசியம் முழுக்க மேடையில் திறந்து கிடந்தது, ஆனால் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புச் சேலை பாதி கிழிந்து நின்றேன்.

அண்ணன் என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

“வந்துட்டோம்மா. இந்த தபா வந்துட்டோம்.”

அவர் என்ன சொன்னார் என்பது அவருக்கே அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அழுகை அப்படியே நின்றுபோய், கையை எடுத்துவிட்டார். ஒன்றரை வருடம் கேட்ட வாய், அந்த இடத்தில் திறக்கவில்லை.

மறுநாள் காலை மாஸ்டரின் அறைக்குப் போனேன். உடைந்த பலகைகளை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். காலில் விழுந்தேன். எழுந்திரிங்க அம்மா என்றார். அவருக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர் சொன்னது வேறு.

“இருபது வருஷமா ஊர் ஊரா இந்தப் பெட்டியில ஒரு பொம்பளையைக் காணாமப் பண்ணிக்கிட்டு இருக்கேன். அவளைத் தேடி ஒருத்தரும் மேடை ஏறி வந்ததில்லை. என் சம்சாரம் உள்ள படுத்துக்கிட்டு என்ன நினைச்சிருப்பான்னு நேத்து ராத்திரிதான் யோசிச்சேன்.”

அந்த வாரமே மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி ஊருக்குப் போனார். போகும்போது என் விரல்தொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு அவர் பெட்டி செய்தாரா, மேடை ஏறினாரா, எனக்குத் தெரியாது. அவருடைய தொழிலைக் கெடுத்தவள் நான். அந்த வருத்தம் இன்றைக்கும் இருக்கிறது.

டிம்பர்மேன் அண்ணன் அவராகவே வீட்டுக்கு வந்தார். கதவைத் தட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. நான் குப்பை கொட்டப் போனபோது வாசலில் நின்றிருந்தார். கைவிரல்களில் துணி சுற்றியிருந்தது. உள்ளே வந்து மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“தட்னாம்மா. மொத நாளு பூரா தட்னான். நாங்களும் பதிலுக்குத் தட்டிகினே இருந்தோம். ஆளு மாத்தி ஆளு. ஒரு நிமிசம்கூட விடலை. தனியா கீறோம்னு அவன் நெனச்சிருக்க மாட்டான், அது மட்டும் சத்தியம். மரம் வச்சா வச்ச எடத்துலயே கல்லு எறங்குது. இன்னா பண்றது சொல்லு.”

“எப்ப நின்னுச்சு?”

“ரெண்டாவது நாளு மத்தியானம்.”

நான் அழவில்லை. கேட்கவேண்டியது இன்னும் ஒன்று இருந்தது.

“கடைசியா எத்தினி அண்ணே?”

அவர் புத்தர் படத்தைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“ரெண்டு. மூணாவதுக்குக் காத வச்சிகினே இருந்தோம். வரலை.”

இரண்டு என்றால் இறக்கு. போதும், என்னை இறக்கிவிடுங்கள் என்றாரா? மூன்றாவதுக்குக் கை எழவில்லையா? இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தெரியாது. சில நாள் இது, சில நாள் அது. அன்று அண்ணன் எழுந்து போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் நெற்றியை வைத்து ரொம்ப நேரம் நின்றேன். பிறகு விரலை மடக்கி ஒரே ஒரு தட்டு தட்டினேன். மூன்றில் அவர் தட்டாமல் விட்டுப்போனது அது ஒன்றுதான்.